அடுப்படி வழியாகப் போன லைன்

எங்கள் மலையில் கை தவறி விட்ட எலுமிச்சம்பழத்தை மேட்டுப்பாளையத்துக்குப் போய்த்தான் பொறுக்க வேண்டும். அவ்வளவு சரிவு. கோத்தகிரியிலிருந்து அரவேணு வரைக்கும் கட்டில் காலுக்குச் செங்கல் வைக்காத வீடு கிடையாது. தட்டில் குழம்பு ஊற்றினால் அது ஓரமாக ஓடிப்போய் நின்றுகொண்டு சோற்றைத் திரும்பிப் பார்க்கும். இதற்கெல்லாம் விலக்காக ஒரே ஒரு அடுப்படி இருந்தது. வடிவேல் வீட்டு அடுப்படி.

அந்தத் தரையில் அவர் மனைவி அருக்காணி ஒரு வெங்காயத்தை வைத்தால், வைத்த இடத்தில் இருக்கும். வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் காப்பித்தண்ணி கொடுப்பதற்கு முன்னால் வடிவேல் அவர்களை உள்ளே கூட்டிப்போய், குந்தவைத்து, தரையில் வெங்காயம் வைத்துக் காட்டுவார்.

"பாத்துக்குங்க. எங்கப்பன் தேடிப் புடிச்ச எடமுங்க. இந்த மலையே சரிஞ்சு கோயமுத்தூர்ல போயிக் கெடந்தாலும் என்ற அடுப்படி மட்டும் இங்கயே நிக்கும்."

"அடுப்படி நிக்குமுங்க. நாம எங்க நிக்கறதுன்னு கேளுங்க," என்பாள் அருக்காணி.

இந்த ஒரு இடம் மட்டும் ஏன் இப்படி மட்டமாக இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் வடிவேல் அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் கையுமாகவே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். சோறு போட்டால்கூட ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் கை நனைப்பார் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊரை ஒட்டி பெல்மேடு எஸ்டேட் என்று ஒன்று இருந்தது. துரைமார் காலத்தில் தேயிலைக் கொழுந்தும் விறகும் ஏற்றிவர அங்கே ஒரு ட்ராலி லைன் போட்டிருந்தார்கள். சின்னத் தண்டவாளம், அதன்மேல் சின்னப் பெட்டி, தள்ளிப்போக நாலு ஆள். மலையின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டினதுபோல ஒரே மட்டமாக வளைந்து வளைந்து ஃபேக்டரிக்குப் போகும். பிறகு எஸ்டேட் உடைந்து துண்டு துண்டாக விலைபோனது. ஃபேக்டரிக்குக் கூரை போனது. தண்டவாளம் மட்டும் எங்கேயும் போகவில்லை, ஊருக்குள் வந்துவிட்டது. பாதி வீடுகளுக்கு உத்திரம் அதுதான். துணி காயப்போடும் கம்பம் அதுதான். அருக்காணியின் அடுப்படி வாசலிலும் முழ நீளத்தில் ஒரு துண்டு சங்கிலியில் தொங்கியது. சோறு தயார் என்றால் இரும்புக் கம்பியால் அதில் ஒரு தட்டுத் தட்டுவாள். எதிர்மலையில் தேயிலைக்குக் கவாத்து வெட்டுகிறவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வான்.

தண்டவாளம் பெயர்ந்த தடத்தை உண்ணிச்செடி மூடிக்கொண்டது. அதைத் திறந்து ஜனங்கள் நடக்கிற பாதையாக்க வேண்டும் என்று கிளம்பியவர் வடிவேல்தான். வேண்டியதும்தான். எங்கள் ஊர், முழங்கால் தேய்ந்தவர்களின் ஊர். வாழ்நாளெல்லாம் முதுகில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள். அரவேணுவுக்குப் போக ஒன்று செங்குத்தான படிக்கட்டு, இல்லையென்றால் லாரி உரசிக்கொண்டு போகும் ரோடு. அரவேணு வரைக்கும் ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு பாதை கண்ணுக்கு முன்னாலேயே புதருக்குள் தூங்குகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஊராட்சியில் கேட்டோம். "தடத்து மேல இருக்கறவங்க தாங்களா மனசு ஒப்பி வுட்டுக்குடுத்தா எடுத்துக்குங்க. ஆனா எங்கயும் அறுந்து நிக்கக் கூடாது," என்றார்கள். அன்றைக்கு அரவேணு டீக்கடை வாசலில் ஒரு கையில் வர்க்கியும் மறுகையில் டீயுமாக நின்றுகொண்டு வடிவேல் செய்த சபதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"கோடுன்னா கோடுதானுங்க! ஆளுக்கொரு பக்கம் வளைச்சா அது லைனில்ல, கோழி கிளறுன குப்பை. தடத்துல ஆரு ஊடு இருந்தாலும் எடுத்தாகோணும். என்ற ஊடே குறுக்க வந்தாலும் நானே கடப்பாரை எடுப்பேன்!"

சொன்ன வேகத்தில் வர்க்கி உடைந்து டீக்குள் விழுந்தது. அதையாவது ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வேலை ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்தது. சுரங்கம் வெட்டுகிறவர்கள் போல இரண்டு முனையிலிருந்தும் தொடங்கி நடுவில் சந்திப்பது என்று ஏற்பாடு. ஃபேக்டரி முனையில் தபித்தாள். கொழுந்து எடுத்து ஓய்ந்தவள், சர்ச்சு முடிந்த கையோடு பாட்டுக்குழு முழுவதையும் வெள்ளைச் சேலை மாற்றக்கூட விடாமல் கூட்டிவந்துவிடுவாள். அரவேணுப் பக்கம், ஓடைப் பாலத்து முனையில் ஆறுக்குட்டி. வடிவேலுக்கு மச்சான் முறை, பக்கத்து வீடு, ஒரு செவலைப் பசுவுக்குச் சொந்தக்காரர். எனக்குக் கொடுத்த வேலை டீ கிளாஸ் கழுவுவதும், யார் வேலை செய்யவில்லை என்று பார்த்துச் சொல்வதும்.

உண்ணிச்செடியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதைக் காலையில் வெட்டினால் மத்தியானம் வளர்ந்து நம் சட்டையைக் கேட்கும். ஆனாலும் வெட்டினார்கள். கொடுவாள் வழுக்கும் மழையிலும், பக்கத்து ஆளின் முகம் தெரியாத மூடுபனியிலும் வெட்டினார்கள். வெட்ட வெட்ட அடியில், ஓரமெல்லாம் பச்சைப் பாசி பூத்து, நடுவே ஏதோ மாடு மிதித்த அடையாளத்தோடு தடம் வெளிப்பட்டது. ஓடைமேல் அந்தக் கல்வளைவுப் பாலம், காரை உதிராமல். பாறையைக் குடைந்து ஒரு வளைவு, உளி பட்ட கோடுகளோடு. அதைப் பார்த்த அன்று பாட்டுக்குழுவே பாட்டை நிறுத்தியது.

மத்தியானம் தண்டவாளத் துண்டு ஒலிக்கும். அருக்காணியின் அரிசிம்பருப்புச் சோறு, அதன் தலையில் ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ள மேராக்காய்ப் பொரியல். அவள் கொல்லை அவரைக்காய்க்குச் சுற்றுவட்டாரத்தில் போட்டி கிடையாது. அதற்கு உரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பல வருஷமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க ஆறுக்குட்டி, நேத்தும் உங்க செவலை என்ற ஊட்டுக்குப் பின்னால வந்து சாணி போட்டுப்போட்டுப் போயிருக்குது."

"அக்கா, சத்தியமாச் சொல்றனுங்க. என்ற செவலை ராத்திரி பூராக் கயித்துல கெடக்குது."

"அப்ப வானத்துல இருந்து வுழுந்துச்சுங்களா? கூடை நெறைய அள்ளுனனுங்க!"

"ஒத்தை மாடு கூடை நெறையப் போடுமுங்களா? நீங்களே ரோசன பண்ணுங்க."

"உங்க மாட்டுக்கு அத்தன திமிரு!" என்பாள் அருக்காணி. சாணியை மட்டும் ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆறுக்குட்டிதான் முதலில் அடிபட்டார். பாலத்திலிருந்து தடம் திறந்துகொண்டே வந்ததில், அவருடைய மாட்டுக் கொட்டகை நட்ட நடுவில் நின்றது. அப்பன் காலத்துக் கொட்டகை. மலைமுதுகின் மறைவில் காற்று தொடாத இடம். வடிவேல் ரசமட்டத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"மச்சான், ஒரு நாலடி அந்தப்பக்கம் ஒதுக்கிப் போனா ஆகாதுங்களா?" என்று கேட்டார் ஆறுக்குட்டி.

"கோடுன்னா கோடுதான் மாப்ள."

ஆறுக்குட்டி ஏணியை எடுத்துவந்தார். தாமாகவே ஓடு இறக்கி, செவலையை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார். அங்கே காற்று ஊசி போட்டது. செவலை பாலைக் குறைத்துக்கொண்டது. பனிக்காலம் வந்ததும் அவர் தம்முடைய கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டுத் தாம் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலைக்கு வந்தார். வடிவேல் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி ரசமட்டத்தைத் துடைத்தார்.

இரு பக்கத் தடமும் நெருங்கின. நடுவில் வடிவேல் வீடும் அதன் இருபுறத்துப் புதரும்தான் பாக்கி. தடம் வீட்டுக்குக் கீழே பள்ளத்து வழியாகப் போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அங்கே ஒரு ஒற்றையடிப் பாதை இருந்ததால் வந்த நினைப்பு. ஒரு சனிக்கிழமை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தபித்தாள் தடத்தில் பிடிக்க, வடிவேல் மறுமுனையோடு புதருக்குள் நுழைந்தார். தண்ணீர் பள்ளத்துக்கு இறங்க மறுத்தது. மேட்டுக்கு ஏறவும் மறுத்தது. குழாய் காட்டிய பக்கமெல்லாம் போனவர், தலையில் உண்ணிப்பூவோடு தம் வீட்டுக் கொல்லையில் வெளிப்பட்டார். அடுப்படிச் சுவரில் குழாயை வைத்தார். தண்ணீர் தரை மட்டத்தில் ஆடாமல் நின்றது.

உள்ளே அருக்காணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெங்காயமும் ஆடாமல் நின்றது.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு?"

"அம்மிணி," என்றார் வடிவேல். குழாயைத் தூக்கிக் காட்டினார். அப்பன் தேடிப் பிடித்த இடம் எது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மலை முழுக்க அலைந்த மனுஷன், மட்டமாக ஒரு துண்டைக் கண்டதும் சாமி கொடுத்ததென்று அடுப்பைப் போட்டுவிட்டார். துரை வெட்டிய தடம் அது.

அந்த வீட்டில் முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. முன்னறை படுக்க மட்டும் ஆகும். மேலே மண்திட்டு, கீழே பள்ளம். அடுப்படியை இடித்தால் வேறு அடுப்படி கட்ட ஒரு சாண் இடம் கிடையாது. மலையை விட்டு இறங்கி, கோயமுத்தூரில் மகள் மஞ்சுவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை. இது இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

"இடிக்கப் போறீங்களா?" என்றாள் அருக்காணி.

"வாயக் குடுத்துப்போட்டேனே."

"வாயி உங்குளுது. சுவரு நானு மண்ணு சொமந்து வெச்சது."

"ஆறுக்குட்டி கொட்டாயி எடுத்தானே அம்மிணி. எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவன் முன்னால நிப்பேன்?"

அருக்காணி நெடுநேரம் பூண்டையே உரித்தாள். உரித்ததையே மறுபடி உரித்தாள். கடைசியில், "அவுங்களுக்கு ஒரு நாயம், நமக்கு ஒரு நாயமுன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா அடுப்புல ஒல இருக்கையில வந்து கடப்பாரை போடாதீங்க. நாளைக்கு எல்லாத்துக்கும் கடைசியா ஒருவாட்டி சோறாக்கிப் போட்டர்றேன். அப்பறம் இடிங்க," என்றாள்.

செய்தி ஊருக்குள் உருண்டு ஓடியது, சரிவல்லவா. சாயங்காலமே ஆறுக்குட்டி வந்தார். சாக்குப் போர்வையோடு வாசலில் நின்றார்.

"என்ன மச்சான், கோடு உங்க ஒலைக்குள்ள எறங்கிருச்சாமா?"

"சிரிக்கோணும்னா சிரிச்சுக்கோ மாப்ள."

"சிரிக்கலாமுன்னுதான் வந்தனுங்க. வாற வழியெல்லாஞ் சிரிச்சனுங்க. அக்கா மூஞ்சியப் பாத்ததும் நின்னுபோச்சு." சாக்கின் முனையால் முகத்தைத் துடைத்தார். "வேண்டாமுன்னு நான் சொல்ல மாட்டனுங்க மச்சான். செவலை நடுங்குறதப் பாத்துப்போட்டு என்னால சொல்ல முடியாதுங்க."

"நீ சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்," என்றார் வடிவேல்.

இருட்டுவதற்குள் வீட்டின் இருபுறத்துப் புதரையும் எடுத்துவிட்டார்கள். தடம் இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் நேராக வந்து அடுப்படிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருந்த புதரை மட்டும் யாரும் தொடவில்லை. அதற்கும் லைனுக்கும் சம்பந்தமில்லையே.

ஞாயிறு விடியற்காலையில் எல்லோரும் வந்துவிட்டோம். அப்படியொரு மூடுபனி. மூட்டை கட்டி மேட்டுப்பாளையத்தில் விற்றிருக்கலாம். பாலத்துப் பக்கம் ஆறுக்குட்டி ஆட்கள், ஃபேக்டரிப் பக்கம் தபித்தாள் ஆட்கள். நான் ஆறுக்குட்டியோடு நின்றேன். அடுப்படியில் தீ எரிவது பனிக்குள் செம்மையாகத் தெரிந்தது. வடிவேல் கடப்பாரையோடு சுவரோரம் நின்றார். அதைப் பிடித்திருந்த விதத்தில், கடப்பாரைதான் அவரைத் தாங்கி நிற்பதாகத் தோன்றியது.

பாலத்தின் மேல் கல் உருளும் சத்தம் முதலில் கேட்டது. அடுத்து, பெரிய துருத்தி ஊதுவது போல ஒரு மூச்சு.

"ஆரும் அசையாதீங்க," என்றார் ஆறுக்குட்டி, உதட்டுக்குள்.

பனியில் ஒரு துண்டு கறுத்தது. கறுத்தது நடந்தது. காட்டெருமை.

எங்கள் ஊரில் காட்டெருமை புதிதல்ல. தேயிலைக்குள் நிற்கும், ரோட்டைக் கடக்கும், ஆளைத் தூக்கி எறிந்ததும் உண்டு. ஆனால் இப்படி யாரும் பார்த்ததில்லை. வயதான பசு ஒன்று முன்னால். ஒரு கொம்பு முனை ஒடிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல நான்கு கால்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்தன. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. கன்றுகள் நடுவில். ஒன்றின் வாலுக்கு மற்றொன்றின் மூக்கு. தடத்தைவிட்டு ஒரு சாண் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. அத்தனை உடம்பிலிருந்தும் ஆவி எழுந்து பனியோடு சேர்ந்தது. காலடி மண்ணில் விழும் அதிர்வு என் செருப்புக்குள் வந்தது. நான் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன். இதற்குப் பத்துத் தேவைப்படவில்லை.

எங்களைக் கடந்து நேராக வீட்டை நோக்கிப் போயின. வடிவேல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அருக்காணி வாசலுக்கு வந்தாள். அவள் கை பழக்கத்தில் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டது. தண்டவாளத் துண்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கூட்டம் மிரண்டுவிடும். மிரண்டால் எந்தப் பக்கம் பாயும், யார் மேல் பாயும் என்று யாருக்குத் தெரியும்? கிழட்டுப் பசு சுவருக்கு முன்னால் நின்றது. தலையைத் தூக்கி அருக்காணியைப் பார்த்தது. அருக்காணி அதைப் பார்த்தாள். அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஓங்கிய கம்பியை அவள் மெல்லத் தாழ்த்திச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

பசு மூச்சை விட்டது. இடது பக்கம் திரும்பி, அந்தத் தொடாத புதருக்குள் தலையை நுழைத்தது. கதவு திறப்பதுபோல உண்ணிச்செடி விலகியது. அது போன வழியே அடுத்தது, அடுத்தது. கடைசியாக ஒரு சின்னக் கன்று, நின்று, அடுப்புத் தீயை வேடிக்கை பார்த்துவிட்டு ஓடியது.

மறுபக்கத்திலிருந்து தபித்தாளின் குரல் வந்தது. "அண்ணே! ஊட்டச் சுத்திட்டு இங்க எறங்குதுங்க! திரும்பவும் லைனுக்கே வந்து, லைன் மேலயே போவுதுங்க! ஆண்டவரே, ஒண்ணுகூட வழி தப்பலைங்க!"

காலடி ஓசை ஓய்ந்தது. பிறகு போய்ப் பார்த்தோம். உண்ணிச்செடி வெளியேதான் அடர்ந்திருந்தது. உள்ளே குகைபோல ஒரு வழி, வீட்டின் முதுகைச் சுற்றி அரைவட்டமாக, சிமெண்டு பூசினதுபோல மிதிபட்டு வழவழவென்று கிடந்தது. எத்தனை தலைமுறைக் குளம்புகள் என்று தெரியாது. வடிவேலின் அப்பன் அடுப்புப் போட்ட மறுநாளே அவை சுற்றிப்போக ஆரம்பித்திருக்க வேண்டும். வழியெங்கும் சாணி.

ஆறுக்குட்டி அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அக்கா! வாங்க இங்க! வந்து பாத்துக்குங்க, இது ஆரு மாடுன்னு! இத்தன வருசமா என்ற செவலைய என்னென்ன பேசுனீங்க!"

அருக்காணி வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. "சாமி, தப்புத்தானுங்க. உங்க செவலைக்கிட்ட நானே வந்து மன்னாப்புக் கேட்டுக்கறனுங்க."

வடிவேல் மட்டும் இன்னும் கடப்பாரையை விடவில்லை. "அதெல்லாஞ் செரி. ஆனாக் கோடு கோடுதான். துரை போட்ட தடம் அடுப்படி வழியாத்தானே போகுது?"

"துரை எத்தன நாள் ஓட்டுனானுங்க?" என்று கேட்டாள் அருக்காணி. "அவன் போயாச்சு, பொட்டி போயாச்சு, தண்டவாளம் நம்ம வாசல்ல தொங்குது. இதுக இன்னிக்கும் ஓட்டீட்டிருக்குதுக. லைன் ஆருதுங்க?"

வடிவேல் அவளைப் பார்க்கவில்லை, ஆறுக்குட்டியைப் பார்த்தார். எல்லோரும் ஆறுக்குட்டியைத்தான் பார்த்தோம். கொட்டகை இழந்தவர் அவர். கோட்டை வளைக்கக் கூடாது என்று அவர் சொன்னால் கூடாதுதான்.

ஆறுக்குட்டி தலையைத் திருப்பினார். மேட்டில் தனியாக நின்ற செவலையைப் பார்த்தார். புதர் வழியைப் பார்த்தார். சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மச்சான், நீங்க வளைச்சிருந்தா நான் வுட்டிருக்க மாட்டனுங்க. ஊரைக் கூட்டியிருப்பேன். இது நீங்க வளைச்சதில்லீங்க. அதுக போற வழிய மறிச்சுச் சொல்ல நான் ஆருங்க?" மேட்டைக் காட்டினார். "ஆனா ஒண்ணு. அந்தக் கடப்பாரையக் கீழ போட்டுப்போடாதீங்க. அத எடுத்துட்டு மேட்டுக்கு வாங்க. செவலைக்குக் காத்து மறைக்கக் கல்லுச் சுவரு, உங்க கையால, ரசமட்டம் வெச்சுக் கட்டோணும்."

"கட்டறேன் மாப்ள," என்றார் வடிவேல். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார். "கோட்டை மாதிரி கட்டறேன்."

கட்டினார். அந்தச் சுவரில் ஒரு வெங்காயத்தை வைத்தால் நிற்கும். நானே வைத்துப் பார்த்தேன். செவலை மறுபடி பால் சொரிகிறது. கோத்தகிரி டீக்கடைகளெல்லாம் அந்த ஒரே மாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

இப்போது, வீட்டைச் சுற்றிக் காட்டெருமைகள் போட்ட வளைவோடு, பாதை முழுவதும் திறந்துவிட்டது. வெயில் ஏறும்வரை அது மனிதர்களுக்கு இல்லை என்று ஏற்பாடு. விடியற்காலையில் பாலத்துப் பக்கம் ஜனங்கள் ஒரு கூட்டம், ஃபேக்டரிப் பக்கம் ஒரு கூட்டம், தடத்தைவிட்டு ஒதுங்கித் தேயிலைக்குள் கைகட்டி நிற்கும். கோயமுத்தூரிலிருந்து வந்தவர்கள் கூட செல்போனை எடுக்க மறந்து நிற்பார்கள். பனிக்குள்ளிருந்து அந்தக் கால்கள் வரும். அடுப்படி வாசலில் அருக்காணி, கையில் கம்பி, மடிப்புக்குள் ஒளித்தபடி. பக்கத்தில் வடிவேல். கிழட்டுப் பசு ஒருமுறை நின்று அவளைப் பார்க்கும். பிறகு திரும்பும். காட்டெருமைக் கூட்டம் வீட்டைச் சுற்றி, தடத்தில் இறங்கி, பாறை வளைவுக்கு அப்பால் மறையும்.

கடைசிக் கன்றின் காலடியும் கேட்காமல் போனபிறகு, அருக்காணி கம்பியை ஓங்கித் தண்டவாளத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த ஓசை மலை இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடும். முதல் ஆளாகத் தபித்தாள் தேய்ந்த முழங்காலோடு பாதத்தை மெல்ல எடுத்து, இன்னும் சூடு ஆறாத குளம்படிகளின் மேல் வைத்து, அரவேணுவை நோக்கி நடப்பாள்.